ஹீப்ரு வகுப்பில் ஒரு ஆய்த எழுத்து

அமெரிக்காவின் வெஸ்ட் வின்ட்சரில் ஞாயிற்றுக்கிழமை காலை. யூதர்களின் ஜெபக்கூடத்து வகுப்பறையில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். என் நண்பன் ரவியின் மகள் மாயா இங்கேதான் ஹீப்ரு படிக்கிறாள். அவள் அம்மா யூதப் பெண். இன்றைக்கு அப்பாவின் மொழியிலிருந்து ஓர் எழுத்தைக் காட்ட வேண்டுமாம். ரவிக்குக் காய்ச்சல். ஊர் பார்க்க வந்த நான் மாட்டிக்கொண்டேன்.

"அங்கிள், ப்ளீஸ், டோன்ட் எம்பாரஸ் மீ," என்று காதைக் கடிக்கிறாள் மாயா.

"எங்கிட்டயா சொல்றே? கவலையே படாதேடா."

எனக்குப் பிழையில்லாமல் எழுத வருவது ஒன்றுதான். எழுந்துபோய்ப் பலகையில் மூன்று புள்ளி வைக்கிறேன்: ஃ.

"அப்ஸைட் டவுன்!" என்று வகுப்பே கத்துகிறது. மாயா முகத்தை மூடிக்கொள்கிறாள்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹீப்ரு எழுத்து ஒன்றை எழுதி, அதன் அடியில் மூன்று புள்ளி வைக்கிறார். மேலே இரண்டு, கீழே ஒன்று. அவர்களுக்கு அது 'எ' ஓசையாம்.

"வாட் சவுண்ட் டஸ் யுவர்ஸ் மேக்?"

தமிழில் தட்டுத்தடுமாறிப் பாஸானவனிடம் கேட்கிற கேள்வியா இது? "இட் இஸ் வெரி ஷை, மேடம்," என்கிறேன்.

திடீரென்று மாயா எழுந்து பலகைக்கு முதுகைக் காட்டிக் குனிகிறாள். கால்களுக்கு நடுவே பார்த்து, "நவ் இட்ஸ் அவர்ஸ்!" என்று கூவுகிறாள்.

அடுத்த நொடி மொத்த வகுப்பும் தலைகீழ். "அங்கிள், யூ டூ!"

குனிந்து பார்க்கிறேன். அட, ஆமாம், அச்சு அசல் ஹீப்ரு. நிமிரத்தான் முடியவில்லை.