பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்த கடிதம்

இதை எழுத வேணும் என்று கொப்பியைத் திறந்து, பிள்ளையார் சுழி போட்டு, பிறகு மூடி வைத்த நாட்கள் எத்தனையோ. அந்தக் கொப்பியில் வெறும் சுழி மட்டும் ஆறேழு பக்கத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத வராது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. எழுதினால் என் பிழையைச் சனம் அறியும் என்ற பயம்தான் இத்தனை வருஷமும் கையைப் பிடித்தது.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன், லண்டனில் லூயிஷாம் பக்கம் இருக்கிறேன். தம்பி டூட்டிங்கில் மரக்கறிக்கடை வைத்திருந்தான். தங்கச்சி கனடாவில்.

ஒரு காலம் எனக்கு ஓயாத களைப்பு. ஜீபி, அதாவது எங்கள் குடும்ப டொக்டர், இரத்தம் சோதித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஈரல் பகுதி நேர்ஸ் என்னை இருத்திவைத்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஹெபடைடிஸ் பி என்ற கிருமி என் ஈரலில் இருக்கிறதாம். பெரும்பாலும் நான் பிறந்த நேரம் தாயிடமிருந்து வந்திருக்கும், அம்மாவுக்கே அது தெரிந்திராது என்றார். மாத்திரை இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்கான் எடுத்துப் பார்த்தால், புற்றுநோய் வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம் என்றார். கடைசியில், "உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டு, அவர்களும் சோதிக்க வேணும் என்று இரண்டு கடிதம் தந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொடுக்கவில்லை.

அப்போது மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை பகுதி ஸ்ட்ரெதமில். அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டும்போது, ஈரல் வருத்தத்தில் படுத்திருந்த ஒரு மனிசனைப் பற்றிக் கதை வந்தது.

"ஈரலாமே?"

"ஈரல் எண்டால் பின்ன என்ன? போத்தில்தான்."

"சும்மா இருங்கோ, அந்த மனிசன் திருநீறு பூசாமல் வெளிக்கிடாது."

"திருநீறு வெளியால. மற்றது உள்ளுக்கை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பூசணிக்காயை வெட்டிக்கொண்டு சிரித்தேன். என் வாயில் ஒரு துளி குடி பட்டதில்லை. திருவிழாவில் சுவாமி காவுகிற தோள் என்னுடையது. ஈரல் என்று ஒரு சொல் வெளியே போனால் நானும் அந்தக் கதைக்குள் போய்விடுவேன், மகளின் கலியாணமும் குழம்பும் என்று நினைத்தேன்.

சமையலறையில் ஒரு அலுமாரித் தட்டுத்தான் எங்கள் சாமியறை. அங்கே பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அந்த இரண்டு கடிதத்தையும் வைத்தேன். கலியாணம் முடியக் கொடுப்பம், அதுவரைக்கும் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று கும்பிட்டேன். அப்படி வைத்த உடனே மனம் லேசானது. பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. அந்த லேசுதான் என்னை ஏமாற்றியது.

ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தம்பி கவனித்துவிட்டான்.

"என்னண்ணை, உங்களுக்கு என்ன செய்யுது?"

"வயித்துப்புண், தம்பி."

"அண்ணியின்ர குழம்பைத் திண்டால் ஆருக்குத்தான் புண் வராது!" என்று சிரித்தான். என் மனைவி உள்ளே இருந்து, "கேக்குது, கேக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கடையிலிருந்து மணத்தக்காளிக் கீரை கொண்டுவருவான். புண்ணுக்கு நல்லது என்று. இல்லாத புண்ணுக்கு அவன் கொண்டுவந்த கீரையை வருஷக்கணக்கில் தின்றேன். கடிதத்துக்கு முன்னால் தினமும் கற்பூரம் கொளுத்தினேன். மகளின் கலியாணம் முடிந்தது, பேரப்பிள்ளையும் பிறந்தது. இப்போது கொடுத்தால் இவ்வளவு நாளும் ஏன் தரவில்லை என்று கேட்பான். நாள் போகப்போகக் கடிதத்தின் பாரம் கூடிக்கொண்டே போனது.

பிறகு ஒரு நாள் அவனுக்கு வலது விலாவுக்குக் கீழே நோவு. மெலிந்தும் போனான். ஸ்கானில் ஈரலில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். கடைக்குப் போதுமான இங்கிலீஷ்தான் அவனிடம். அதனால் டொக்டரிடம் நான் கூடப் போனேன், மொழிபெயர்க்க. டொக்டர் முதல் கேட்டது, குடும்பத்தில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று. தம்பி என் முகத்தைப் பார்த்தான், என்ன கேட்கிறார் என்று. நான் தமிழில் ஒன்றும் சொல்லாமல், டொக்டரிடம் "தெரியாது" என்றேன். கடவுளறிய அப்படித்தான் சொன்னேன்.

வெட்டி எடுக்கலாம் என்றார்கள். கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு எடுக்கச் சம்மதமா என்றும் கேட்டார்கள். இதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

"எடுக்கட்டும் அண்ணை. எங்கட குடும்பத்தில ஒருத்தரும் யூனிவேசிற்றிக்குப் போகேல்லை. என்ர ஈரலாவது போகட்டும்" என்றான்.

ஒப்பரேஷன் முடிந்து சில கிழமைக்குப் பிறகு டொக்டர் கூப்பிட்டார். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். தாய் வயிற்றில் ஈரல் உருவாகும்போது சில ஜீன்கள் வேலை செய்யுமாம். உடம்பின் எந்தக் கலமாகவும், அதாவது எந்தச் செல்லாகவும், மாறக்கூடிய, பெருகக்கூடிய ஸ்டெம் செல்லுக்குரிய ஜீன்கள். பிள்ளை வளர்ந்து ஈரல் முற்றினதும் அவற்றில் பல அடங்கிப்போகும். தம்பியின் கட்டியில் அப்படி அடங்கியிருந்தவை சில திரும்பவும் வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கலங்கள் விதைமாதிரி. வெட்டினாலும் மிஞ்சினது ஒன்றிரண்டு திரும்ப முளைக்கும், இரத்தத்தோடு வேறு இடத்துக்கும் போகும். ஆகையால் திரும்பி வரக்கூடிய வகை என்று பயப்படுகிறோம் என்றார்.

தம்பி கேட்டான்: "எப்ப முழிச்சதாம் உந்தச் சனியன்?"

கேட்டேன். அது யாருக்கும் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். முதலே கண்டிருந்தால் தப்பியிருப்பார் என்றும் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். ஆனால் கட்டி வளர வளர இப்படியான கலங்கள் கூடிப்போகலாம், தம்பியின் இரத்தத்திலும் கண்ட ஹெபடைடிஸ் பி கிருமி முதலே தெரிந்து ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்கான் பார்த்திருந்தால் சின்னதாக இருக்கும்போது பிடிக்க இடமிருந்தது என்றார்.

இதை நான் என் வாயால் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. முழுக்கச் சொன்னேன். பிறகு அந்த அறையிலேயே, டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க, என் கிருமியையும் கடிதத்தையும் சொன்னேன்.

தம்பி கதிரையை என் பக்கம் திருப்பினான்.

"அப்ப நான் கொண்டந்த கீரையெல்லாம்?"

"சாப்பிட்டனான்."

"புண் இல்லாமலோ?"

"இல்லாமல்தான்."

"கடிதம் எங்கை?"

"பிள்ளையார் படத்துக்குப் பின்னால."

"பிள்ளையாருக்கோ ஈரல் வருத்தம்? அவரிட்டைக் குடுத்து வைச்சிருக்கிறியள்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போது, "தங்கச்சிக்கு இப்ப போன் அடியுங்கோ. என்ர பிள்ளையளுக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். ஒண்டையும் மாத்தாமல் சொல்லுங்கோ" என்றான். அங்கே நின்றபடியே கனடாவுக்கு அடித்தேன்.

தங்கச்சிக்கும் கிருமி இருந்தது. இப்போது மாத்திரை எடுக்கிறாள், ஸ்கானுக்குப் போகிறாள், கட்டி ஒன்றும் இல்லை. தம்பியின் பிள்ளைகளுக்கு இல்லை, தடுப்பூசி போட்டார்கள். தம்பிக்கு டொக்டர் பயந்தபடியே திரும்பி வந்தது. ஒரு வருஷத்துக்குள் போய்விட்டான். கடைசிவரைக்கும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இன்றைக்கும் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். அவரில் குறையில்லை. ஒரு பஸ்ஸும் ஒரு ரயிலும் எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டிய கடிதம் அது. கால் எனக்குத்தான் இருந்தது.

செத்தவீட்டில் ஒருவர் என்னிடம் வந்து, "என்ன வருத்தம்?" என்று கேட்டார். "வயித்தில ஏதோ..." என்று வாயில் வந்துவிட்டது. பிடித்து நிறுத்தி, "ஈரல் புற்றுநோய். அவன் குடிக்கிறவனில்லை. கிருமி. எனக்கும் இருக்குது" என்றேன். அவர் ஒரு அடி பின்னுக்குப் போனார். போகட்டும்.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கோயிலிலோ கலியாணவீட்டிலோ இந்தக் கதையைச் சொல்ல வந்தால், எனக்காக இரங்கி எதையும் மெதுவாக்க வேண்டாம். ஈரலை வயிறாக்க வேண்டாம். நான் "தெரியாது" என்று சொன்னதையும் விட வேண்டாம். தம்பி என்னிடம் கேட்ட மாதிரியே உங்களிடம் நான் கேட்கிறேன்: ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கோ.