பொம்மைக்கு என்ன வெட்கம்?

அந்தத் துணிக்கடையில் அவருக்கு 'மறைப்பு' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். ஷோகேஸ் பொம்மைகளுக்கு உடை மாற்றுவது உத்தியோகம். கேட்டால் சிரிப்பு வரும். செய்து பாருங்கள், தெரியும். பொம்மையின் கையைக் கழற்றி, சட்டையை நுழைத்து, மறுபடி கையை மாட்டி, பின்பக்கம் தொளதொளவென்று தொங்குவதைக் குண்டூசியால் இறுக்கி, முன்னால் நின்று பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி காட்ட வேண்டும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கோளாறு என்னவென்றால், அதை யார் கண்ணிலும் படாமல்தான் செய்வார். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கயிற்றில் கோர்த்து ஷோகேசின் குறுக்கே கட்டுவார். பொம்மைக்கு முன்னால் நின்று லேசாகத் தொண்டையைக் கனைப்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானைக் கழற்றுவார். பார்க்காமல் வேலை செய்தால் குண்டூசி யாரைக் குத்தும்? விரலெல்லாம் சல்லடை. "ஆள் பாதி ஆடை பாதின்னு சொல்றாங்க. இதுங்களுக்கு ஆடைதானே முழுசும்? அதையும் தெரு பாக்க உருவினா நல்லாவா இருக்கு?" என்பார்.

தலையில்லாத புதுப் பொம்மைகள் வந்து இறங்கியபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். கண்ணே இல்லாததற்கு வெட்கம் உண்டா, கிடையாதா? சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், "தலை போச்சுன்னா மானமும் போயிடுமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அவற்றுக்கும் விரிப்பைக் கட்டினார். தலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக் கனைக்கவும் செய்தார்.

"அந்தப் பொம்மைக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைச்சிருந்தா நான் எங்கேயோ இருந்திருப்பேன்" என்பாள் மனைவி. அவளும் நியாயத்தைத்தானே சொல்கிறாள்!

கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. மேனேஜர் இளவட்டம், டை கட்டியவர். படுத்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். பயிற்சியாளர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "உங்கள் வாழ்க்கையை வழிநடத்தும் விழுமியம் எது?" என்று கேட்டார். கல்லாவில் இருப்பவர் நேர்மை என்றார். ரெண்டு பேர் இருமினார்கள். வாட்ச்மேன் விழிப்பு என்று சொல்லிக் கொட்டாவி விட்டார். மறைப்பின் முறை வந்தது.

"துணி மாத்தும்போது யாரும் பாக்கக் கூடாதுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பயிற்சியாளர் மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்து, "சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மறைப்பு பாவம், நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலீங்களே" என்றார் ஏமாற்றத்தோடு. மற்றவர்களுக்கெல்லாம் சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி ஒன்று இருக்கிறது, நமக்கு வாய்த்தது ஒரு படுக்கை விரிப்பா என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

மேனேஜருக்கு அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. "சனிக்கிழமை தள்ளுபடி ஆரம்பம். மத்தியானம், தெரு பூரா பாக்க, விரிப்பு கிரிப்பு இல்லாம எல்லாப் பொம்மைக்கும் மாத்துறீங்க. கூட்டம் தானா கூடும். முடியாதுன்னா ஞாயித்துக்கிழமையிலிருந்து வீட்டுல இருங்க." விரிப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்மைக்காக வேலைய விட்டாரு என் புருஷன்னு நாலு பேர்கிட்ட சொல்ல முடியுமா? பொண்ணு படிப்பு இருக்கு, வாடகை இருக்கு. கண்ண மூடிக்கிட்டுக் கழட்டிப் போட்டுட்டு வாங்க." சரி என்றார். மனதாரத்தான் சரி என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்கு வெளியே நல்ல கூட்டம். மறைப்பு கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் பொம்மையின் சட்டையை உருவினார். எவனோ விசில் அடித்தான். அவ்வளவுதான். புதுச்சட்டை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை. தேட நேரம் ஏது? தன் சட்டையைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டிவிட்டார்.

பொம்மை கௌரவமாக நின்றது. பக்கத்தில் இவர் தொப்பையும் மார்பு முடியுமாக நின்றார். தெரு ஆரவாரித்தது. அதிசயம் பாருங்கள், இவருக்கு வெட்கமே வரவில்லை; அப்பாடா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்தா முதலாளி கார் வந்து நிற்க வேண்டும்! உள்ளே நுழைந்தவர் இவரை விட்டுவிட்டார். நடுக்கடையில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் நீ கூட்டம் சேக்குற லட்சணமா? உங்கப்பன் என் கால்ல விழுந்து அழுதான்னு உனக்கு வேலை குடுத்தேன். பன்னெண்டாவதுல ரெண்டு தடவ கோட்டடிச்சவனுக்கு டை ஒரு கேடா?"

பில் போட வரிசையில் நின்றவர்கள், மடித்து வைக்கும் பெண்கள், வாட்ச்மேன், எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மேனேஜரின் கை தன்னையறியாமல் கழுத்துப் பொத்தானைப் பொத்திப் பிடித்தது. முதலாளி விடவில்லை. மேனேஜரின் மனைவி எதற்குக் கோபித்துக்கொண்டு போனாள் என்பதில் ஆரம்பித்தார்.

மறைப்பு ஷோகேசிலிருந்து குதித்தார். யோசித்தெல்லாம் குதிக்கவில்லை. உத்தரத்தில் தொங்கிய தள்ளுபடி பேனரை ஒரே இழுப்பாக இழுத்து, ஒரு முனையைத் தூணில் முடிந்து, மேனேஜரைச் சுவரோரம் தள்ளி, மறுமுனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார்.

சட்டையில்லாத ஒருவர் சொன்னதைக் கேட்டு அத்தனை பேரும் திரும்பிக்கொண்டார்கள்.

முதலாளிக்கு எதிரே இப்போது 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற எழுத்துதான் இருந்தது. அதைப் பார்த்து எவ்வளவு நேரம் திட்ட முடியும்? நாலு வார்த்தையில் சுருதி இறங்கிவிட்டது.

"யோவ், அது பொம்மை இல்லய்யா. மேனேஜர்!"

"தெரியுதுங்க."

"நாளையிலிருந்து நீ இந்தப் பக்கம் தலைகாட்டாத."

"சரிங்க" என்றார் மறைப்பு. வீட்டில் என்ன சொல்வது? பொம்மைக்காக என்றாலாவது அவள் சிரித்திருப்பாள். ஆனால் கை இறங்கவில்லை.

முதலாளி போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தோள் கடுக்கவே, மறைப்பு பேனரை மெல்ல இறக்கப் பார்த்தார். உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"திறக்காதீங்கண்ணே" என்றது மேனேஜரின் குரல். "இன்னும் கொஞ்ச நேரம்."

மறைப்பு கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அவசரமில்ல தம்பி. மெதுவா வாங்க."