கமலாசனியக்கா எழுதிய ஆட்சேபனை

கமலாசனியக்காவின் மாட்டுப் பட்டியில் ஒரு நாம்பன், இளங்காளை, நிற்கிறது. அதன் பெயர் தலைவர். கன்றாக இருந்த காலத்திலேயே அயல் வேலியைப் பிய்த்துத் தலையை உள்ளே விட்டு மேய்கிற சாதி. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் வீரகத்தி வேலியோரத்து ஒழுங்கையால் போகிற நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு அந்த மாட்டைக் கூப்பிட வரும்.

“டேய் தலைவர்! ஊரான்ர வேலிக்குள்ள வாயை வைக்காதை! திண்டதெல்லாம் ஒருநாளைக்கு வெளியில வரும்!”

வீரகத்தி காது கேட்காத மாதிரி மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போவார். மூன்று வருசம் இதுதான் நடந்தது. அந்த மனுசிக்கு ஏன் அவ்வளவு கோபம், அதைக் கடைசியில் எங்கே கொண்டுபோய் இறக்கினார் என்பதை எழுதுகிறேன். இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் ஒளிக்கவில்லை.

அக்காவின் தகப்பன் வடமராட்சியில் இருந்து வந்து இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவர். அக்கா யோகலிங்கண்ணையைக் கட்டி மாங்குளத்துக்கு உள்ளே எங்கள் நாலாம் ஒழுங்கைக்கு வந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும்தான் இருந்தது. அண்ணை தடி வெட்ட, அக்கா மண் குழைக்க, இரண்டு பேருமாக மறுபடி ஒரு கூரையை ஏற்றினார்கள். இரண்டு மாடு ஏழு மாடானது. பிள்ளைகள் இரண்டும் கலியாணம் கட்டித் தூரப் போய்விட்டார்கள்.

அக்கா ஒன்றையும் மறக்கிற ஆள் இல்லை. முகாமில் தண்ணீர் வரிசையில் அவருடைய வாளியைக் காலால் தள்ளிவிட்ட ஒருத்தியை ஒன்பது வருசம் கழித்துக் கிளிநொச்சிச் சந்தையில் கண்டார். அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்த கத்தரிக்காய் முழுவதையும் கூட விலை சொல்லித் தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க அண்ணைக்கு மூன்று நேரமும் கத்தரிக்காய்.

இப்படிப்பட்ட மனுசியோடுதான் வீரகத்தி கொளுவினார்.

2021இல் எங்கள் ஒழுங்கையைத் திருத்தப் பிரதேச சபையில் இருந்து வேலை வந்தது. சங்கம் பொறுப்பெடுத்தது. கண்டி வீதியில் இருந்து கடைசி வீடு வரை தார். நடுவில் பள்ளத்தில் ஒரு மதகு. பழைய மதகைக் கிண்டி எறிந்தாயிற்று. புது மதகுக்கு மூன்று கொங்கிரீட் குழாய். சபைக் களஞ்சியத்தில் ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு இழுத்துத் தந்தார்கள். ஏற்றியது என் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில்.

பள்ளத்துக்குப் போகிற வழியில் வீரகத்தி தன் வீட்டுப் படலையடியில் நின்று கையைக் காட்டினார்.

“இதில இறக்கு றைவர். பிறகு பாப்பம்.”

இறக்கினேன். அந்தப் பிறகு வரவே இல்லை. ஒரு மாதத்துக்குள் மூன்று குழாயும் அவருடைய வாசலுக்கு முன்னால் ஓடுகிற வாய்க்காலுக்குள் போய்விட்டன. மேலே கொங்கிரீட் போட்டு மோட்டார் சைக்கிள் ஏறி இறங்க நல்ல வழி. தாரும் அவருடைய படலையோடு நின்றது. அதற்கு அப்பால் கிரவல் மண்ணை விசுக்கிவிட்டு, மதகு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பனங்குற்றியைக் குறுக்கே போட்டார்கள். அப்போது எனக்குக் கிடைத்த வேலையில் பாதி வீரகத்தி தருவது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த வருசம் கார்த்திகை மழையில் வெள்ளம் குற்றிகளைக் கொண்டுபோய்விட்டது. காலையில் பால் கொடுக்கப் போன யோகலிங்கண்ணைக்குத் தண்ணீருக்குக் கீழே வழி இல்லை என்று தெரியாது. பால் கானோடும் மோட்டார் சைக்கிளோடும் பள்ளத்துக்குள் போனார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. வவுனியா ஆசுப்பத்திரியில் இரண்டு முறை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். வந்தபோது ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. கக்கத்தில் ஊன்றுகோல்.

அண்ணை ஆசுப்பத்திரியில் கிடக்கும்போதே சந்தித் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதை எழும்பியது. “அந்த மதகு எங்க?” என்று யாரோ கேட்டுவிட்டான். வீரகத்தி கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“விடியக்காலமை போட்டிட்டு வெளிக்கிட்டா மதகென்ன, யானை நிண்டாலும் தெரியாது.”

கடை சிரித்தது. நானும் அங்கே இருந்தேன். யோகலிங்கண்ணை நுரைக்கிறது என்று சோடாவே குடிக்காத மனுசன். ஆனால் அவர் வீடு வந்து சேர முதலே ஊருக்கு அவர் குடிவெறியில் விழுந்த ஆள் ஆகிவிட்டார். பார்க்க வந்த சொந்தக்காரனே, “இனியாவது விட்டிடுங்கோ அத்தான்” என்று புத்தி சொல்லிவிட்டுப் போனான். அண்ணை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: “இடுப்பை உடைச்சதுக்குக் கூடப் பொறுப்பன் தம்பி. இந்த மனுசன்ர பேரை உடைச்சவனை விடன். அவன்ர வாயாலேயே சொல்ல வைப்பன்.”

எப்படிச் சொல்ல வைப்பது? சங்கத்துக்கு அவரே தலைவர். அப்போது வேலையைப் பார்த்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். போதாக்குறைக்கு 2025இல் வீரகத்தி சபைக்கு உறுப்பினராகவும் வந்துவிட்டார். அக்கா மாட்டைக் கூப்பிட்டுத் திட்டுவதோடு காலம் போனது.

அந்த ஆவணியில் எங்கள் ஒழுங்கைக்கும் வீடு வளவுக்கான சோலை வரி வந்தது. வீடு வீடாகக் கடுதாசி. சுவர் என்ன, கூரை என்ன, கிணறு உண்டா என்று பிரித்துப் பிரித்து எழுதி, அதற்கேற்ற வரி. ஊர் முழுக்கக் கத்தியது. அக்கா மட்டும் கடுதாசியைப் பிடித்துக்கொண்டு என் வளவுக்கு வந்து சிரித்தார். மூன்று வருசத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

“இதை வாசி.”

விரலை வைத்த இடத்தில், வீதி: தார், மதகுடன் என்று இருந்தது. நல்ல வீதிக்கு முன்னால் இருக்கிற வீடு என்றுதான் வரியைக் கூட்டியிருக்கிறார்கள். சபையின் வீதிப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

“ஆட்சேபனை குடுத்தா வந்து பாக்கவேணுமாம். பின்னுக்குப் போட்டிருக்கு,” என்றார்.

“ஓம் அக்கா. எழுதிக் குடுங்கோ, குறைப்பினம்.”

“ஆருக்கு வேணும் குறைப்பு?”

அவர் எழுதிக் கொடுத்தது மூன்று வரி. வரியைக் குறைக்க வேண்டாம். வரி போட்ட தார் வீதியையும் மதகையும் எனக்குக் காட்டித் தரவும். காட்ட முடியாவிட்டால் அவை இல்லை என்று எழுதித் தரவும்.

இரண்டாம் நாளே வீரகத்தி அக்கா வீட்டுப் படலையைத் திறந்தார். நான் அங்கே வைக்கோல் இறக்கிக்கொண்டு நின்றேன்.

“தங்கச்சி, ஏன் கனக்க எழுதுறாய்? அந்தக் கடுதாசியைத் திருப்பி எடு. நான் கதைச்சு வரியைப் பாதியாக்கித் தாறன்.”

அக்கா ஒரு கதிரையைத் தூக்கிவந்து யோகலிங்கண்ணைக்கு நேரே போட்டார். “இருங்கோ தலைவர். இவர் குடிச்சிட்டு விழுந்தவர் எண்டு கடையில சொன்னனீங்கள்தானே. இப்ப இவரின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

“அது பகிடிக்கு…”

“பகிடியையும் கடையிலதானே விட்டனீங்கள். அதையும் கேக்க ஆக்கள் இருக்கேக்கத் திருப்பி எடுங்கோ.”

வீரகத்தி கதிரையில் இருக்கவில்லை. போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்காவும் அதைக் கண்டுவிட்டார். வீரகத்தி போன கையோடு அக்கா என்னிடம் வந்து நின்றார்.

“தம்பி, குழாயை எங்க இறக்கினனி?”

நான் வைக்கோலைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும். உன்ர வாயால வரட்டும்.”

சொன்னேன். சிவப்புக் கோட்டையும் சொன்னேன். சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்றும் கெஞ்சினேன்.

“நீ வாய் திறக்க வேண்டாம். அவை பாக்க வாற அண்டைக்கு உன்ர மெசினைக் கொண்டு வா, அது காணும்.”

சபையில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். வரிப் பகுதிப் பிள்ளை தாட்சாயினி, புதுத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஃபாத். அவர்களுடைய வாகனம் பள்ளத்தடியில் நின்றுவிட்டது. அப்பால் மோட்டார் சைக்கிளும் உழவு மெசினும்தான் இறங்கி ஏறும். மதகைப் பார்க்க வந்தவர்களை மதகில்லாமல் என் மெசின் பெட்டியில் ஏற்றித்தான் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாட்சாயினி ஒரு கையால் பெட்டியையும் மற்றக் கையால் கடுதாசிக் கோவையையும் பிடித்துக்கொண்டு, “இதையே தார் எண்டு எழுதி வைச்சிருக்கினம்?” என்றது.

வீட்டைப் பார்த்து முடிய, அக்காவும் பெட்டியில் ஏறினார். “வீதியையும் வீட்டையும் பாத்திட்டீங்கள். இனி மதகைப் பாப்பம். தம்பி, நீ குழாய் இறக்கின இடத்தில நிப்பாட்டு.”

நிப்பாட்டினேன். வீரகத்தியின் படலை. றிஃபாத் வாய்க்காலுக்குள் இறங்கி, விளிம்பில் படிந்திருந்த பாசியைச் செருப்பால் உரஞ்சினார். சிவப்புக் கோடு வந்தது. அடுத்ததிலும் வந்தது. மூன்றாவதைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

வீரகத்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் அயல் முழுக்க வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர்களில் நாலு பேராவது நின்றார்கள்.

“சேர், அது தற்காலிகமா வைச்சது.”

“நாலு வருசமா?” என்றார் றிஃபாத். “வேலை முடிஞ்சதெண்டு சங்கத் தலைவரா நீங்கள்தான் கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். இப்ப கண்டதை நான் எழுதுறன். அதிலயும் ஒண்டு வையுங்கோ.”

தாட்சாயினி கோவையை நீட்டியது. அக்கா அதற்கு மேலே கையை வைத்து மறித்தார்.

“பொறு பிள்ளை. முதல் சொல்லட்டும். எங்கட இவர் விழுந்த அண்டைக்கு அந்த இடத்தில மதகு இருந்ததோ?”

வீரகத்தி நிலத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“கடையில இதைவிடச் சத்தமாச் சொன்னனீங்கள்.”

“இருக்கேல்லை.”

“இவர் குடிச்சிருந்தவரோ?”

“இல்லை. தெரியாமச் சொல்லிப்போட்டன் தங்கச்சி. மன்னிச்சுக்கொள்.”

“மன்னிப்பு உங்களிட்டயே இருக்கட்டும். எனக்குக் குழாய் மட்டும் காணும்.”

கையை எடுத்தார். வீரகத்தி கையெழுத்து வைத்தார்.

சபையில் விசாரணை என்கிறார்கள். நடந்தால் நடக்கட்டும். ஆனால் ஐப்பசி முடிய முதல் வீரகத்தியின் கொங்கிரீட்டை உடைத்துக் குழாயைக் கிளப்பி, பள்ளத்தில் மதகு வைத்தார்கள். ஏற்றி இறக்கியது நான். காசு வாங்காமல் சும்மாதான் செய்தேன். அக்காவின் வரியும் தானாகக் குறைந்து வந்தது. “இதை ஆர் கேட்டது?” என்று கடுதாசியைக் கூரைத் தடியில் செருகிவிட்டார்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தார். வானத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தரை நான் கண்டதில்லை, வயல் விதைத்த கமக்காரனைத் தவிர.

கார்த்திகையில் கொட்டியது. மழை வெளித்த காலையில் அக்கா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மெசின் பெட்டியில் கதிரையை வைத்து, அதில் யோகலிங்கண்ணையை ஏற்றினோம். மூன்று வருசத்துக்குப் பிறகு அவர் சந்திப் பக்கம் போகிறார். புது மதகில் மெசின் குலுங்கவே இல்லை.

வீரகத்தியின் படலையடியில் அக்கா கையைக் காட்டினார். நிப்பாட்டினேன்.

வாய்க்கால் நிறைந்து ஓடியது. சபைக் கூட்டத்துக்கு வெளிக்கிட்ட வீரகத்தி வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைப் பலகையில் கால் வைத்துத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார். நடுவில் பலகை ஆடியது. எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணை கதிரையில் இருந்து முன்னுக்குக் குனிந்தார்.

“பாத்து தலைவர். விடியக்காலமையே போட்டிட்டு வந்தனீங்களோ?”

அடுத்த கால் பலகையில் படவில்லை. இடுப்பளவு சேற்றுத் தண்ணீர். ஒன்றும் உடையவில்லை, வேட்டிதான் போச்சு. அக்கா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் ஸ்ரேரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன்.

அக்கா சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ என்னத்துக்குச் சிரிக்கிறாய்? குழாயை இதில இறக்கினது உன்ர மெசின். கடையில சிரிச்சதும் நீதான்.”

மெசினை எடுத்தேன்.

தை மாதம் அக்காவின் பட்டியில் இன்னொரு நாம்பன் கன்று பிறந்தது. அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார். இப்போது நான் அந்த ஒழுங்கையால் மெசினோடு போனால் வேலிக்குப் பின்னால் இருந்து சத்தம் கேட்கும்.

“டேய் றைவர்! கண்டும் காணாத மாதிரிப் போறியோ?”

நான் திரும்பிப் பார்ப்பதில்லை.