மணலில் ஏறிய நஸ்ரின் ரீச்சர்

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நஸ்ரின் ரீச்சர் புத்தளத்தில் தங்கை வீட்டில் முதல்நாள் காலமாகிவிட்டார், அன்று மாலையே அடக்கமும் முடிந்துவிட்டது என்றார்கள். போய் முகம் பார்க்கவும் வழியில்லை. மிச்சப் பாலை ஊற்றி முடித்தேன்.

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் முன்பள்ளியில் அவரும் நானும் ஆறு வருடம் சேர்ந்து படிப்பித்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போகும் வழக்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். இதை வாசிக்கும் உங்களில் சிலரின் பிள்ளைகளும் அவரோடு நடந்திருப்பார்கள்.

புத்தூரில் ஒருமுறை வெங்காயத் தோட்டங்களைக் கடந்து கோயில் கேணி வரை போவதாகப் புறப்பட்டோம். வரம்பில் எறும்புகள் ஒரு செத்த வண்டை இழுத்துப் போவதைக் கண்டு பிள்ளைகள் குந்திவிட்டார்கள். நான் அவசரப்படுத்தினேன். "கேணி எங்கையும் ஓடிப்போகாது. பிள்ளையள் நிண்டால் நாங்களும் நிப்பம்," என்றார் ரீச்சர். அன்று கேணியை நாங்கள் பார்க்கவேயில்லை.

படப்புத்தகத்தில் மலையைப் பார்த்த ஒரு சிறுமி, எங்கள் ஊரில் ஏன் அது இல்லை என்று கேட்டாள். அடுத்த மாதம் ஒரு வான் வண்டி பிடித்து மணற்காட்டுக்குப் போனோம். மணல்மேட்டில் ஏறுவார்கள், சறுக்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். உச்சியில் கடலைக் கண்டதும் அத்தனை பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேதான் ரீச்சர் தன் கதையைச் சொன்னார். தொண்ணூறில், போரின் நடுவே, யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஐந்து வயது. "உம்மாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தது மட்டும் ஞாபகம். நான் முதல்முதல் தூரம் நடந்தது அப்பதான். இதுகளாவது சந்தோசத்துக்கு நடக்கட்டும்."

இறங்கும்போது கவின் என்ற பிள்ளை விழுந்து கை முறிந்தது. ரீச்சர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு றோட்டு வரை ஓடினார். கை பொருந்திவிட்டது. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "உவ எங்கையோ இருந்து வந்தவ. எங்கடை பிள்ளையளிலை உவவுக்கு என்ன அக்கறை?" என்று கேட்டார். ரீச்சர் என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் அவர் ஓடியதைக் கண்டவள் நான் ஒருத்திதான். நான் நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

சனிக்கிழமை நடை நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு பள்ளித் தவணையும் அவர் அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. என்னை ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை.

பிறகு மார்பில் புற்றுநோய் என்றார்கள். அவர் புத்தளம் போவதற்கு முதல் ஆஸ்பத்திரி வாட்டில் போய்ப் பார்த்தேன். அன்று கூட்டத்தில் வாய் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமல், கொண்டுபோன பழத்தை உரிக்கத் தொடங்கினேன். அவரே கதைத்தார்.

"நீங்கள் ஒருக்கால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, ரீச்சர். தூரம் வேண்டாம். எங்கடை வாசல் ஒழுங்கை முடியுமட்டும் போதும்."

"ஓம், போறன்," என்றேன்.

அப்படிச் சொல்லி எட்டு மாதமாகிவிட்டது. முன்பள்ளி மதிலை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். ஒழுங்கைக்குத் திறக்கும் வாசல் படலை பூட்டியே கிடக்கிறது. நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, இனிக் கேட்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை. நஸ்ரின் ரீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவருக்கு நான் சொன்ன அந்த 'ஓம்' ஒன்றுதான்.