முக்காடு போட்ட ராஜகுமாரி

பாட்டு நாடகம் போட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அதுல பாடத் தெரியாதவன்தான் ஜாஸ்தி பேசுவான். எழுபதுகளோட கடைசியில, திருவண்ணாமலையில பொண்ணுங்க பள்ளிக்கூடம் ஒண்ணுல நான் பாட்டு டீச்சர். ஒரு ஆபீஸ் நாடகச் சங்கத்துக்காக, வசனமே இல்லாம முழுக்கப் பாட்டாவே ஒரு கதை எழுதினேன். ராஜகுமாரி மூணு விடுகதை போடுவா. பதில் சொன்னா மாலை, சொல்லாட்டி தலை போயிடும். மெட்டும் நான் போட்டதுதான். என்னை மாதிரி மாட்டிக்கிட்டு முழிச்சவங்களுக்குத்தான் மிச்சக் கதை புரியும்.

யாரு ராஜகுமாரி?

நான்தான்னு நெனச்சிக்கிட்டு ஒத்திகைக்குப் போனேன். சங்கத்துச் செயலாளர் அந்த வேஷத்தை டைப்பிஸ்ட் குப்புசாமிக்குக் கொடுத்துட்டாரு. அவர் வாயசைப்பாராம், நான் பாடணுமாம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன் சார்னு கேட்டேன்.

"குடும்பப் பொண்ணு மேடையேறினா ஊரு என்னா பேசும்? நீங்க திரைக்குப் பின்னாடி நில்லுங்க டீச்சர், கௌரவமா இருக்கும்."

மீசை

குப்புசாமிக்கு ரெண்டு பக்கமும் முறுக்கின மீசை. எடுக்கவே மாட்டேன்னுட்டாரு. மீசை வெச்ச ராஜகுமாரி மேடையேறலாம், நான் ஏறக்கூடாது. நீங்களே சொல்லுங்க, கோவம் வருமா வராதா?

"வீட்ல மாசமா இருக்காங்க டீச்சர், நான் சவரம் பண்ணக்கூடாது. ராஜகுமாரிக்கு முக்காடு போட்டுடலாம்ங்க."

வலி

நாடகத்தன்னிக்கு, மணியடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. பெரியாஸ்பத்திரியில இருந்து ஆள் வந்துச்சு. குப்புசாமி சேலையை அவுத்து நாற்காலியில போட்டுட்டு ஓடினாரு. செயலாளர் முன்வரிசையில விருந்தாளிங்களோட உக்காந்திருந்தாரு.

"வலி எடுத்துடுச்சாம் டீச்சர், நான் போறேன். செயலாளர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் சொல்லல. அந்தச் சேலையைக் கட்டி, முக்காட்டைத் தாடைக்குக் கீழ வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு மேடைக்குப் போயிட்டேன்.

மூணாவது விடுகதை

ரெண்டு விடுகதை நல்லபடியா போச்சு. அப்பதான் ராஜகுமாரன் வேஷக்காரருக்கு, குரல் முக்காட்டுக்குள்ளயிருந்தே வருதுன்னு உறைச்சிருக்கு. மனுஷன் பதில் பாட்டை மறந்துட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாரு. நான் விடுகதையை மறுபடி மறுபடி பாடறேன், ஆள் அசையல. கூட்டத்துல ஒருத்தர் எழுந்துட்டாரு.

"நிழல்னு சொல்லித் தொலைய்யா, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு போயிடும்."

பொன்னாடை

ஒருவழியா நாடகம் முடிஞ்சு, கைத்தட்டல் அடங்கறதுக்குள்ள செயலாளர் பொன்னாடையோட மேடைக்கு வந்தாரு. என் பாட்டு, என் மெட்டு, என் குரல். அத்தனைக்கும் என் பேரைச் சொல்லுவாருன்னு ஒரு நிமிஷம் நம்பி நின்னேன். என்னைக் காட்டி மைக்குல சொன்னாரு:

"நம்ம குப்புசாமி பிரமாதமா பண்ணாரு. ஒரே குறை, பொம்பளை நடைதான் கொஞ்சம் கம்மி."

அந்த எடத்துலயே முக்காட்டை எடுத்தேன். அதுக்கப்புறம் அந்தச் சங்கம் என்னைக் கூப்பிடல, நானும் திரைக்குப் பின்னாடி நின்னு எவனுக்கும் பாடல.