முகப்பில் ஒன்பது கண்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜீப்பை யாரும் வந்தபடி வைத்திருப்பதில்லை. ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டுக் கணவாய் ஏற வேண்டிய வண்டி அது. எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர் உட்கார வேண்டுமென்றால் அடிச்சட்டமான சேஸை நடுவில் அறுத்து, இரும்பு கொடுத்து ஒட்டி நீட்டுவார்கள். பின்பக்கத்தை வெட்டிப் படி வைப்பார்கள். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் ஏற்றுவார்கள். ஆயுத பூஜை வந்தால் பழைய பெயிண்டின் மேலேயே புது பெயிண்ட். இப்படிச் சில வருடம் ஓடிய வண்டியைக் காட்டி, இது எந்தப் பட்டாளத்தில் இருந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்பவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்படிக் கேட்டுக்கொண்டு அலைந்தவன் நான். தேனியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டர் வேலை. படிப்பு பத்தாவதோடு நின்றது. தொண்ணூற்றாறில் மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போனபோது, பழைய புத்தகக் கடையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் ரிப்பேர் புத்தகம் அட்டை இல்லாமல் கிடந்தது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். போருக்காகச் செய்த ஜீப்பின் முகப்புத் தகட்டில் நெட்டாக ஒன்பது திறப்புகள், பிற்பாடு பொதுமக்களுக்குச் செய்ததில் ஏழு என்று அப்போதுதான் தெரிந்தது. திறப்புகளை நான் கண் என்று சொல்லிக்கொள்வேன்.

போர் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகள் எங்கள் மலைக்கு வந்தன என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றையாவது அறுபடாமல் பார்த்து, சேஸில் அறைந்த தகட்டில் அதன் சொந்த நம்பரை வாசித்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. நம்பர் கிடைத்தால் எப்போது செய்தது என்று கண்டுபிடிக்கலாம். பானெட்டில் ராணுவம் எழுதிய எண்ணும் கிடைத்தால் எங்கெங்கே போனது என்று விசாரிக்கலாம். இரண்டும் இல்லாத ஜீப் வெறும் இரும்பு.

கிடைத்ததெல்லாம் வெறும் இரும்புதான். சின்னமனூரில் ஒன்பது கண் முகப்பு ஒன்று கோழிக்கூண்டுக் கதவாக இருந்தது. போடியில் ஒன்று சாக்கடை மேல் கிடந்தது. வருசநாட்டில் ஒரு சேஸ் கிணற்று மேட்டில் பம்புசெட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது; நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், டிரைவர்களிடம் கெஞ்சி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பேன்.

“ஏலே, வண்டிய எடுத்துறாத, அடியில அண்ணன் சாதகம் பாக்குறாக” என்பான் ஒரு டிரைவர்.

“பாத்துட்டு என்னண்ணே சொல்றீக, இதுக்குக் கல்யாண யோகம் இருக்கா?” என்று இன்னொருவன் என்னைக் கேட்பான்.

“ரெண்டு கட்டியாச்சுடா. முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி” என்று முதல் டிரைவரே பதில் சொல்வான்.

அவன் சொன்னது உண்மை. அந்த வண்டி இரண்டு ஜீப்புகளை ஒட்டியது. நான் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன்.

எட்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம்தான் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவரின் எஸ்டேட்டில் பழைய ஜீப் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். ராவுத்தருக்கு எழுபதை ஒட்டிய வயது. மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் ஏலத்தோட்டம். ஜீப் அங்கே தண்ணீர் டிரம் இழுத்துக்கொண்டிருந்தது. எஸ்டேட்டை விட்டு இறங்காத வண்டி, அதனால் ஆர்.சி. புத்தகம் எப்போதோ தொலைந்தும் யாரும் தேடவில்லை. அதனால்தான் யாரும் அறுக்கவும் இல்லை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். ஒன்பது கண். டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். பின்பக்கம் வெட்டாமல் அடைப்பாக இருந்தது. அனுமதி கேட்டு, பானெட்டின் ஓரத்தை பிளேடால் சுரண்டினேன். பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ராணுவத்தின் மங்கிய மண் பச்சை, அதன் மேல் வெள்ளையில் ஒரு வளைவு. ஆறாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். சேஸில் கிரீஸும் மண்ணும் அப்பிய இடத்தில் விரலை விட்டேன். தகடு தட்டுப்பட்டது. மண்ணெண்ணெய் கேட்க வாய் எடுத்தேன்.

“தம்பி, சோறு ஆறுது, வாங்க” என்றார் ராவுத்தர்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைசி ஜீப் கீழே இறங்கக் காத்திருந்தது. எனக்கு அவசரமும் இல்லை, ஏனென்றால் சாப்பிடும்போதே அவர் சொல்லிவிட்டார்.

“அது உங்களுக்குத்தான். வெல கில பேசாதீக. இம்புட்டு ஆசையாப் பாக்குற ஆளுக்கிட்ட வெல சொல்ல எனக்கு நாக்கு வராது. மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூப்பிடுறேன்.”

“சரி பாய். ஆனா அதுல ஒண்ணும் செய்ய வேணாம். இருக்குறபடியே குடுங்க, போதும்.”

“அது சரி, நீங்க அப்படித்தான் சொல்லுவீக” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளி போதும் என்று இலையைக் கையால் மறைத்தால், மறைத்த கையின் ஓரமாக இன்னொரு கரண்டி விழும். போதும் என்றதைப் போதும் என்று எடுத்துக்கொள்வது மரியாதை இல்லை. இது தெரிந்தும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இரண்டரை மாதம் கழித்துக் கூப்பிட்டார். எஸ்டேட்டுக்கு இல்லை, கம்பத்தில் ஒரு பட்டறைக்கு வரச் சொன்னார்.

பட்டறை வாசலில் ஜீப் நின்றது. கிளிப்பச்சை. கண்ணாடி போலப் பளபளத்தது. புது டயர், ரெக்சின் சீட், பின்பக்கம் வெட்டிப் படி வைத்திருந்தார்கள். ராவுத்தர் வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

“எப்படி? புதுசு மாதிரி இருக்குல்ல?”

நான் பானெட்டைத் தொட்டேன். வழவழவென்றிருந்தது.

“டீசல் இன்ஜின் ஏத்தியாச்சு. பெட்ரோல் ஊத்தி உங்களுக்குக் கட்டுபடியாகுமா? எங்கிட்ட வாங்கிட்டுப் போன வண்டி வழியில நின்னுச்சுன்னா எனக்குல்ல அசிங்கம்.”

“ரொம்ப நல்லாருக்கு பாய்” என்றேன். வேறு என்ன சொல்வது.

அவர் தொழுகைக்குப் போன பிறகு பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

“பழைய பெயிண்டெல்லாம்?”

“கிரைண்டர் போட்டு இரும்பு வரைக்கும் எடுத்தாச்சுண்ணே. அடியில நம்பரு மாதிரி என்னமோ கிறுக்கியிருந்துச்சு. சுத்தமா எடுத்துட்டேன்.”

“சேஸ்ல ஒரு தகடு இருந்துச்சே?”

“அதுவா? துருப்பிடிச்சு ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. உளி வச்சு ஒரு தட்டு, வந்துருச்சு. பழைய இன்ஜினோட சேத்து இரும்பு லாரியில போட்டாச்சு. பாய் நெதமும் இங்கன வந்து உக்காந்துக்குவாக. ஒரு குறை இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக.”

லாரி மதுரைக்குப் போயிருந்தது. நானும் போனேன். மூன்று கிடங்குகளில் விசாரித்தேன். ஒருவர் மலை போலக் கிடந்த இரும்பைக் காட்டி, தேடிக்கோங்க என்றார். பொழுது சாயும் வரை அதன் முன்னால் நின்றுவிட்டு தேனி பஸ் ஏறினேன்.

ஜீப் என் வீட்டுக் கொட்டகையில் நின்றது. கோயம்புத்தூரிலிருந்து பழைய வண்டி சேர்க்கும் ஒருவர் போனில் ஜீப்பின் சேஸ் நம்பரைக் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை. எனக்கும் அதற்குப் பிறகு எதையும் தேடும் தெம்பு இல்லை. கடைக்குப் போனேன், வந்தேன். புத்தகத்தைப் பரணில் போட்டேன். ஒருநாள், ஏன் என்று எனக்கே தெரியவில்லை, உப்புத்தாளை எடுத்து பானெட்டின் ஓரத்தில் தேய்த்தேன். பச்சை போனது, பிரைமர் போனது, வெள்ளை இரும்பு வந்தது. அதற்கு மேலும் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து தாளை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் தேனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்த ராவுத்தர், வண்டியைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். தேய்ந்திருந்த ஓரத்தைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தார்.

“பெயிண்டு உரிஞ்சு போச்சே. எங்கிட்டச் சொல்லக் கூடாதா தம்பி?”

“அதெல்லாம் இல்ல பாய். ஒண்ணும் வேணாம்.”

“நீங்க சும்மா இருங்க.”

மறுநாள் காலையில் கம்பத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். கையில் கிளிப்பச்சை டப்பா. எந்த இடம் என்று கேட்டான். காட்டினேன்.