கடலடியில் நின்றவன்

மணி அடித்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக்கு ஓடிவிட்டார்கள். மேசையில் லேப்டாப் திறந்தே கிடந்தது. அவர்களே வரைந்து செய்த கேம் அது. படகிலிருந்து குதிப்பவன் மூச்சு தீருமுன் சங்கு பொறுக்கி மேலே வர வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவன் கடலடியில் அப்படியே நின்றான்.

என் பத்து வயதில் முத்தையாபுரம் வீட்டில் டிவி கேம் இருந்தது. ஊதி ஊதிச் செருகும் மஞ்சள் கேசட். அப்பா சங்கு குளிப்பவர். இடுப்புக் கயிற்றை மாமா படகில் நின்று பிடித்தால்தான் கடலில் இறங்குவார். ஒருநாள் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, உப்பும் டீசலும் மணக்க வந்த அப்பா டிவியைப் பார்த்தார். அதிலும் ஒருவன் தண்ணீருக்குள் நின்றான்.

“ஏளா, ஆளக் கடலுக்குள்ள வுட்டுட்டு சோறு திங்கியா?”

“அது பொம்மைப்பா.”

“இருக்கட்டும். மொதல்ல அவன மேல கொண்டா.”

நான் அவனைக் கொண்டுவந்த பிறகுதான் அப்பா தன் தட்டில் கை வைத்தார். மாமா ஒருமுறை கயிற்றை விட்டுவிட்டுப் பீடி பற்றவைத்ததையும், அன்று அப்பாவை மூக்கில் ரத்தத்தோடு தூக்கியதையும் அம்மா பிற்பாடு சொன்னாள்.

லேப்டாப்பில் பிள்ளைகளின் ஆட்டத்தை ஓடவிட்டு மேல் அம்புக்குறியை அழுத்தினேன். வந்துவிட்டான். படகில்தான் யாரும் இல்லை. மதியம் பிள்ளைகளிடம் அங்கே ஒருவரை வரையச் சொன்னேன்.

“அவரு என்ன செய்வாரு டீச்சர்?”

“கயித்தப் புடிச்சிருப்பாரு. வேற ஒண்ணும் செய்யமாட்டாரு.”